ப்ளௌ லேன்: விம்பிள்டன் மைதானம் எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது?

வாண்டில்கரை (இழையைத் தொடங்கியவர்):

இன்னோர் இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரு கால்பந்து கிளப் ஊரை விட்டே போய்விட்டதாமே, மைதானத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போனார்கள்?" அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இதற்குத் தனி இழையே வேண்டும் என்று தோன்றியது.

விம்பிள்டன் என்றதும் நம்மில் பலருக்கு டென்னிஸ்தான் ஞாபகம் வரும். அதே ஊரில், வாண்டில் ஆற்றுப் பக்கம், ப்ளௌ லேன் என்றொரு தெரு இருக்கிறது. விம்பிள்டன் கால்பந்து கிளப்பின் மைதானத்துக்கும் அதே பெயர்தான். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும், கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வெளியூருக்கு மாற்ற அனுமதி கிடைத்த 2002-இல் ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் 1959-இல் எழுதப்பட்ட ஒரு பத்திரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

1889-இல் உள்ளூர்ப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த அணி இது. ஊர்ப் பொதுவெளியான விம்பிள்டன் காமனில் ஆடினார்கள். ஃபாக்ஸ் அண்ட் கிரேப்ஸ் என்ற பப்தான் உடை மாற்றும் இடம். 1912-இல் ப்ளௌ லேனுக்கு வந்தார்கள். அப்போது அது சதுப்பு நிலம். குப்பையும் புதருமாகக் கிடந்ததைச் சீர்செய்து, வேலி போட்டு ஆடுகளம் ஆக்கினார்கள். 1923-இல் கிளாப்டன் ஓரியண்ட் கிளப்பிடமிருந்து ஒரு பழைய ஸ்டாண்டை வாங்கிக் கொண்டுவந்து தெற்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆம், இன்னொரு கிளப் கழித்துவிட்ட ஸ்டாண்டுதான். அந்த மைதானத்தில் கூடிய ஆகப் பெரிய கூட்டம் 18,080 பேர். அதுவும் பெரிய தொழில்முறை ஆட்டத்துக்கு இல்லை, 1935-இல் எச்.எம்.எஸ். விக்டரி என்ற கடற்படை அணியோடு ஆடிய அமெச்சூர் கோப்பை ஆட்டத்துக்கு. ஊர்க்காரர்கள் இந்த இடத்தை எப்படிக் கொண்டாடினார்கள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். 1959-இல் கிளப்பின் தலைவர் சிட்னி பிளாக், உள்ளூர் கவுன்சிலிடமிருந்து மைதானத்தை 8,250 பவுண்டுக்குக் கிரயம் பெற்றார். அதில் ஒரு நிபந்தனை: இந்த நிலம் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டுமே. வேறு எதற்காவது திருப்ப நினைத்தால், கவுன்சில் அதே 8,250 பவுண்டைக் கொடுத்து நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நிலத்தின் விலை எவ்வளவு ஏறினாலும் விற்று லாபம் பார்க்க முடியாது என்று அர்த்தம். ஒரு மைதானத்துக்கு இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் காவலை எடுத்ததும்தான் எல்லாம் ஆரம்பித்தது என்பது என் கருத்து.

மெரினா லெஃப்ட்விங்:

அண்ணா, அருமை. எனக்குத் தெரிந்த விம்பிள்டன் 1988 எஃப்.ஏ. கோப்பை மட்டும்தான். லாரி சான்செஸ் தலையால் அடித்த கோல், ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை டேவ் பீசன்ட் தடுத்தது, லிவர்பூல் 1-0 என்று தோற்றது. எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பெனால்டியைத் தடுத்த முதல் கோல்கீப்பர் அவர்தானே! அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற கிளப் மூன்றே வருஷத்தில் சொந்த மைதானத்தை விட்டுப் போனது ஏன்? மைதானம் அவ்வளவு மோசமா?

வாண்டில்கரை:

மோசம் என்று சொல்ல மாட்டேன் தம்பி. சின்னது. கிளப் வளர்ந்த வேகத்துக்கு மைதானம் வளரவில்லை.

1977-இல்தான் ஃபுட்பால் லீக்கில் சேர்ந்தார்கள். முதல் லீக் ஆட்டம் ப்ளௌ லேனில், ஹாலிஃபாக்ஸ் டவுனோடு 3-3. 1986-இல் முதல் டிவிஷன், அதாவது அன்றைய உச்சப் பிரிவு. ஒன்பதே வருஷத்தில் அடித்தட்டிலிருந்து உச்சிக்கு! அந்த உச்சியிலும் மைதானம் பழைய அமெச்சூர் ஆட்டங்களுக்குக் கட்டியதுதான். ரசிகர்கள் பெரும்பாலும் நின்றுதான் பார்த்தார்கள். ஆற்றுப் பக்கம் இருந்த வாண்டில் எண்ட் பகுதிக்குக் கூரை கிடையாது. வெளியூர் ரசிகர்களை அங்கேதான் விடுவார்கள், மழை பெய்தால் நனைந்துகொண்டே பார்க்க வேண்டியதுதான். பெரிய அணிகள் அங்கே வர முகம் சுளித்ததற்கு விம்பிள்டன் ஆட்டக்காரர்களின் முரட்டுத்தனம் மட்டும் காரணம் இல்லை, அந்தக் குறுகலான உடை மாற்றும் அறைகளும்தான்.

இதற்கு முன்பே ஓர் அடையாளம் தெரிந்தது. 1975-இல், லீக்கிலேயே இல்லாத கிளப்பாக இருந்தபோது, முதல் டிவிஷனில் இருந்த பர்ன்லியை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தார்கள். அடுத்த சுற்றில் சாம்பியனான லீட்ஸை அதன் மைதானத்திலேயே 0-0 என்று நிறுத்தினார்கள். கோல்கீப்பர் டிக்கி கை, பீட்டர் லோரிமரின் பெனால்டியைப் பிடித்தார். மறு ஆட்டம் நியாயமாக ப்ளௌ லேனில் நடந்திருக்க வேண்டும். கூட்டம் கொள்ளாது என்பதால் கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குக் கொண்டுபோனார்கள். கிளப்பின் மிகப் பெரிய நாளில் சொந்த மைதானத்துக்கு இடமில்லை.

அப்புறம் 1989 ஏப்ரலில், மைதான நெரிசலில் ரசிகர்கள் இறந்த ஹில்ஸ்பரோ விபத்து. அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கை, மேல்மட்ட மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. 1994 ஆகஸ்ட் வரை கெடு. ப்ளௌ லேனை அப்படி மாற்றுவது கட்டாது என்று விம்பிள்டன் நிர்வாகம் முடிவெடுத்தது. கெடு முடிய மூன்று வருஷம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார்கள். 1991 மே 4, கடைசி ஆட்டம். எதிரணி கிரிஸ்டல் பேலஸ். இயன் ரைட் மூன்று கோல் அடிக்க, 3-0 தோல்வி. அடுத்த சீசனில் குடிபோனதும் அதே பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குத்தான்.

கணக்குப்பிள்ளை:

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன். வாண்டில்கரை சொல்லும் அந்த நிபந்தனை காவல் என்பது ஒரு பார்வை. கிளப்பை நடத்துகிறவரின் பக்கம் நின்று பாருங்கள். விற்க முடியாத நிலத்தை அடமானம் வைத்து எந்த வங்கி கடன் கொடுக்கும்? 8,250 பவுண்டுக்குத்தானே அது ஈடு! கடன் இல்லாமல் ஸ்டாண்ட் கட்ட முடியாது, ஸ்டாண்ட் இல்லாமல் கூட்டம் வராது. முதல் டிவிஷனில் ஆடியபோதே சராசரிக் கூட்டம் ஏழாயிரம், எட்டாயிரம்தான். 1979 வாக்கிலேயே அப்போதைய தலைவர் ரான் நோட்ஸ் மில்டன் கீன்ஸுக்குப் போகலாமா என்று பார்த்தார். நிபந்தனை அப்படியே இருந்தபோதே அந்த யோசனை வந்துவிட்டது. ஆகவே, காவலை எடுத்ததால்தான் எல்லாம் போயிற்று என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வாண்டில்கரை:

நல்ல கேள்வி. நோட்ஸ் விஷயம் சரிதான். ஆனால் அவர் ஏன் போகவில்லை என்று பாருங்கள். கணக்குப் பார்த்தார், லாபம் இல்லை, விட்டுவிட்டார். அதே ப்ளௌ லேனில்தான் கிளப் 1991 வரை இருந்தது. நிலம் கைமாற முடியாமல் இருந்தவரைக்கும் யோசனை யோசனையாகவே நின்றது.

1981-இல் கிளப் சாம் ஹம்மாம் கைக்கு வந்தது. மைதானத்தை விட்டு வெளியேறிய காலகட்டத்தில் கவுன்சில் அந்த நிபந்தனையை விட்டுக்கொடுத்தது. புது மைதானம் கட்ட உதவும் என்ற நம்பிக்கையில் பலர் அதை அப்போது தவறாகப் பார்க்கவில்லை. நிலம் சேஃப்வே சூப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. புது மைதானம் வரவில்லை. அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் சூப்பர்மார்க்கெட்டும் வரவில்லை. ரிசர்வ் அணி மட்டும் சில வருஷம் அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

கடன் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. கவுன்சிலே கூட்டாளியாக நின்று கட்டியிருக்கலாம், அல்லது நிபந்தனையை எடுக்கும்போது, "அதே உள்ளாட்சிப் பகுதிக்குள் (பரோ) வேறு மைதானம் எழும்பிய பிறகுதான்" என்று எழுதி வாங்கியிருக்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் மில்டன் கீன்ஸ் நடந்திருக்காது.

எஃப்ரா ரோட்:

நான் கால்பந்து ரசிகை இல்லை, இந்த இழையை மகன்தான் காட்டினான். விம்பிள்டன் கணபதி கோயில் இருக்கும் எஃப்ரா ரோட்டுக்கும் அந்தப் பழைய மைதானத்துக்கும் நடக்கிற தூரம்தான். தொண்ணூறுகளில் லண்டன் வந்த எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்கு அந்தப் பக்கம் நல்ல பழக்கம். டர்ன்ஸ்ஃபோர்ட் ரோட்டும் ப்ளௌ லேனும் சந்திக்கும் சிக்னலில் பஸ் நிற்கும்போது பார்த்தால், சுவருக்கு மேலே விளக்குக் கம்பங்கள் தெரியும். வாசல் கதவு பூட்டியே கிடக்கும். படிக்கட்டுகளில் இடுப்பளவு செடி வளர்ந்திருந்தது. "இது என்ன இடம்?" என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாவிடம் கேட்டதற்கு, ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தான் எந்தப் படியில், எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பேன் என்பதை மட்டும் விலாவாரியாகச் சொன்னார்.

2002-இல் இடித்துவிட்டார்கள். இப்போது அடுக்குமாடி.

வாண்டில்கரை:

அக்கா, ரொம்ப நன்றி. இது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

அந்த அடுக்குமாடிக்குப் பெயர் ரெனால்ட்ஸ் கேட். எடி ரெனால்ட்ஸ் நினைவாக வைத்தது. 1963 அமெச்சூர் கோப்பை இறுதியில் வெம்ப்லியில் சட்டன் யுனைடெட்டை 4-2 என்று வென்றார்களே, அந்த நான்கு கோலும் ரெனால்ட்ஸ் தலையால் அடித்தவை. உள்ளே இருக்கும் கட்டடங்களுக்கும் பழைய ஆட்டக்காரர்கள், மேலாளர்கள் பெயர்தான்.

எம்கே அப்பா:

இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன். நான் மில்டன் கீன்ஸில் குடியிருக்கிறேன். பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள், எம்.கே. டான்ஸ் (இங்கே வந்த பிறகு விம்பிள்டன் கிளப்புக்கு வைத்த பெயர்) ஆட்டத்துக்குத்தான் போவார்கள். அவர்களுக்கு அதுதான் சொந்த ஊர் கிளப். "திருட்டு கிளப்" என்று இணையத்தில் படித்துவிட்டு, சின்னவன் ஏன் அப்பா என்று கேட்கிறான். 2002-இல் நடந்ததற்கு அவன் என்ன செய்வான்? செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்கு இருந்து நொடித்துக்கொண்டிருந்த கிளப் எங்காவது போக வேண்டியிருந்தது. இங்கே இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தும் லீக் அணி கிடையாது. சட்டப்படி அனுமதி வாங்கித்தானே வந்தார்கள்?

வாண்டில்கரை:

நீங்கள் எழுதியது நல்லது சகோ. உங்கள் பிள்ளைகளிடம் யாருக்கும் கோபம் இருக்கக் கூடாது.

ஆனால் அந்த அனுமதி எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட்டில் கிளப் நிர்வாகம் மில்டன் கீன்ஸுக்குப் போகப்போவதாக அறிவித்தது. ஃபுட்பால் லீக் மறுத்தது. கடைசியில் கால்பந்துச் சங்கம் மூவர் ஆணையம் வைத்தது. 2002 மே 28-இல் தீர்ப்பு: இரண்டுக்கு ஒன்று, போகலாம். விம்பிள்டன் ரசிகர்கள் தங்களுக்கென்று புது கிளப் ஆரம்பிப்பது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்தது இல்லை என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பிலேயே இருந்தது. அந்த வரியை ரசிகர்கள் இன்றுவரை மறக்கவில்லை. இன்றும் பேனர்களில் பார்க்கலாம்.

உங்கள் கிளப்புக்கும் ஒரு நல்ல காரியம் உண்டு, அதையும் சொல்கிறேன். 2007-இல் பழைய விம்பிள்டனின் கோப்பைகளையும் சின்னங்களையும் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் பரோவின் கவுன்சிலிடம் ஒப்படைத்தார்கள். 1988 வெற்றி விம்பிள்டனுடையது என்று ஒப்புக்கொண்டதற்குச் சமம் அது.

எம்கே அப்பா:

அது எனக்குத் தெரியும், ஆனால் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. சொல்கிறேன்.

மெரினா லெஃப்ட்விங்:

சரி, அப்புறம் ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

வாண்டில்கரை:

தீர்ப்பு வந்த ஒரே மாதத்தில், 2002 ஜூன் 29 அன்று, விம்பிள்டன் காமனில் ஆள் எடுப்பு நடத்தினார்கள். 1889-இல் ஆடிய அதே வெளி. 230 பேர் வந்தார்கள். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிறந்தது. ஜூலை 10-இல் சட்டன் யுனைடெட்டோடு முதல் ஆட்டம், 4-0 தோல்வி. ஆனால் பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். ஒன்பதாம் தட்டு லீக்கில் ஆடப்போகும் கிளப்புக்கு!

ஆடுவதற்கு மைதானம் வேண்டுமே. கிங்ஸ்டனில் உள்ள கிங்ஸ்மெடோவில் வாடகைக்குச் சேர்ந்தார்கள். 2003-இல் அதன் குத்தகை உரிமையை ரசிகர்கள் பணம் போட்டே வாங்கினார்கள். அங்கிருந்துதான் ஏறினார்கள்: 78 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல், 2011-இல் லூட்டனைப் பெனால்டியில் வென்று மறுபடி ஃபுட்பால் லீக்குக்குள்.

நடுவர் விசில்:

கிங்ஸ்மெடோ பற்றி இவ்வளவு சுருக்கமாகத் தாண்டிப் போகக் கூடாது. அது கிங்ஸ்டோனியன் கிளப்புக்காகக் கட்டிய மைதானம். 1989-இல் திறந்தார்கள். 2001-இல் அந்த கிளப் பணநெருக்கடியில் விழுந்தது, மைதானம் தனியார் கைக்குப் போனது. அவர்களிடமிருந்துதான் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் வாங்கியது. கிங்ஸ்டோனியன் தங்கள் சொந்த வீட்டிலேயே வாடகைக்குடியாக இருந்தார்கள். பிறகு ப்ளௌ லேன் கட்டப் பணம் வேண்டும் என்று விம்பிள்டன்காரர்கள் கிங்ஸ்மெடோவைச் செல்சீக்கு விற்றார்கள். 2017-இல் கிங்ஸ்டோனியன் வெளியேறி முதலில் லெதர்ஹெட், பிறகு டோல்வர்த் என்று அலைந்தது. மைதானம் இழந்த வலி தெரிந்தவர்களே இன்னொரு கிளப்புக்கு அதைச் செய்யலாமா?

வாண்டில்கரை:

இந்தக் கதையில் என் மனசுக்குச் சமாதானம் ஆகாத இடம் இதுதான். விம்பிள்டன் தரப்பில் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது: குறைந்த வாடகைக்குப் பல வருஷம் வைத்திருந்தார்கள், போகும்போது ஒரு தொகையும் கொடுத்தார்கள். ரசிகர்கள் கையில் இருந்த ஒரே சொத்து கிங்ஸ்மெடோதான், அதை விற்காமல் ஊர் திரும்ப வழியில்லை. ஆனாலும் கிங்ஸ்டோனியன் ரசிகர் ஒருவரைப் பார்த்து இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

புது மைதானம் எழும்பிய இடத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அது நாய்ப் பந்தய மைதானம். பழைய ப்ளௌ லேனிலிருந்து கூப்பிடு தூரம். 1928-இலிருந்து அங்கே கிரேஹவுண்ட் ஓடியது. 2017 மார்ச் 25-இல் கடைசிப் பந்தயம். அதற்குப் பழகிய ஒரு தலைமுறை அன்றோடு தன் இடத்தை இழந்தது.

கணக்குப்பிள்ளை:

அந்த நிலம் லண்டனில், அதுவும் விம்பிள்டனில். வீடு கட்டும் நிறுவனங்கள் விட்டுவைத்தது எப்படி? இதைத்தான் நான் கேட்க நினைத்தேன்.

வாண்டில்கரை:

மெர்ட்டன் கவுன்சிலின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் அந்த இடம் விளையாட்டுக்கு என்று குறிக்கப்பட்டிருந்தது. வீடுகள் வரலாம், ஆனால் விளையாட்டு மைதானம் இல்லாமல் வர முடியாது. 1959 பத்திரம் செய்த அதே வேலையை இந்தத் தடவை திட்ட ஆவணம் செய்தது. ஆகவே கட்டுமான நிறுவனமும் கிளப்பும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள்: ஒரு பக்கம் அறுநூற்றுக்கு மேல் குடியிருப்புகள், நடுவில் மைதானம்.

2015 டிசம்பரில் மெர்ட்டன் கவுன்சில் ஒருமனதாக அனுமதி கொடுத்தது. பக்கத்து பரோவான வாண்ட்ஸ்வர்த் ஆட்சேபித்தது. அப்போதைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் 2016-இல் அந்த விண்ணப்பத்தைத் தன்னிடம் இழுத்துக்கொண்டார். அடுத்து வந்த சாதிக் கான் அதைத் திரும்ப மெர்ட்டனிடமே விட்டார். எல்லாக் கையெழுத்தும் முடிய 2017 டிசம்பர் ஆனது.

2019 கடைசியில்தான் பெரிய சோதனை. கட்டுமானம் பாதி, பணம் போதவில்லை. வெளியார் ஒருவருக்குப் பெரும் பங்கைக் கொடுத்தால் முடிந்துவிடும். ஆனால் கிளப் ரசிகர் அறக்கட்டளையான டான்ஸ் டிரஸ்ட் வசம் இருக்கிறது. கட்டுப்பாடு கைமாற வேண்டுமானால் உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். ரசிகர்கள் வேறு வழி பிடித்தார்கள். ப்ளௌ லேன் பாண்ட் என்ற பெயரில் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். எத்தனை சதவீத வட்டி வேண்டும் என்பதைப் பணம் போடுபவரே சொல்லலாம், வட்டியே வேண்டாம் என்றும் சொல்லலாம். 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஒரே பெரிய முதலாளி கொடுத்திருந்தால் அந்தப் பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்திருக்கும்.

2020 நவம்பர் 3, டான்காஸ்டர் ரோவர்ஸோடு முதல் ஆட்டம், 2-2. ஜோ பிகாட் வீட்டுக்காரர்களின் முதல் கோலை அடித்தார். கொரோனா காலம், ஒரு ரசிகருக்கும் அனுமதி இல்லை. காசு போட்டுக் கட்டியவர்கள் எல்லோரும் அன்றைக்கு டிவியில்தான் பார்த்தார்கள்.

மெரினா லெஃப்ட்விங்:

அண்ணா, 2024-இல் ஆடுகளமே குழி விழுந்த படம் ஒன்று பரவியதே, அது இதே மைதானம்தானா?

எஃப்ரா ரோட்:

இதே மைதானம்தான் தம்பி. அந்த செப்டம்பர் ராத்திரி கொட்டிய மழையில் வாண்டில் ஆறு பெருகி உள்ளே வந்துவிட்டது. ஆடுகளத்தின் ஒரு மூலை பாய் மடிந்தது போல் உள்ளே போயிருந்தது. என் மகன் மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

வாண்டில்கரை:

ஆமாம். நியூகாஸிலோடு கரபாவ் கோப்பை ஆட்டம் அங்கே நடக்க இருந்தது. நியூகாஸில் ஊருக்கே மாற்றினார்கள். ரசிகர்கள் மறுபடியும் வசூல் செய்தார்கள். 1912-இல் சதுப்பை மேடாக்கி ஆட ஆரம்பித்த ஊர், ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. இனி இந்த மைதானத்துக்கு வரும் ஆபத்து நிலத் தரகரிடமிருந்து இல்லை, வெள்ளத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன். வடிகாலுக்கு இன்னும் செலவழிக்க வேண்டியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:

இப்போதைய இருக்கைகள் ஒன்பதாயிரத்துச் சொச்சம். இருபதாயிரம் வரை விரிக்கலாம் என்று அனுமதியில் உண்டு. அந்த ஆசையில் மறுபடி கடன், மறுபடி வெளியார் என்று போகாமல் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நானும் வாண்டில்கரையும் ஒரே கட்சி.

எம்கே அப்பா:

பெரியவன் ப்ளௌ லேனைப் பார்க்க வேண்டும் என்கிறான். வெளியூர் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஆட்டமும் பார்க்கலாம் என்று யோசிக்கிறோம். எப்படிப் போவது?

வாண்டில்கரை:

தாராளமாக வாருங்கள். ஹேடன்ஸ் ரோட் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். முதலில் ரெனால்ட்ஸ் கேட் பக்கம் போய்ப் பழைய இடத்தைக் காட்டுங்கள், பிறகு ப்ளௌ லேன் வழியே ஆற்றைப் பார்த்து நடந்தால் புது மைதானம் வந்துவிடும். எம்.கே. டான்ஸ் வரும் நாளில் காவல் கெடுபிடி கொஞ்சம் அதிகமாக இருக்கும், சின்னவனுக்காக வேறு ஆட்டமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். தேதி முடிவானதும் தனிமடலில் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.